மாமனாரின் ஸ்டீரியோவும் நான் வாங்கிய வயரும்

குக்கருக்கு காஸ்கெட் மாற்றுவேன். மிக்ஸி ஜாரில் பிளேடு இறுகிக்கொண்டால் தேங்காய் எண்ணெய் விட்டுக் கழற்றுவேன். அதற்குமேல் கரண்ட் சமாசாரம் எதுவும் தெரியாத, எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திய ஒரு வீட்டுக்காரி நான். 'ஆப்டிகல்', 'கோஆக்ஸியல்' என்று எழுத வந்திருக்கிறேனே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால், இந்த வயர் சமாசாரம் நமக்கும் வேண்டியதுதான் என்று உங்களுக்கே தோன்றும்.

ஸ்ரீரங்கம் தெற்கு உத்திர வீதியில் எங்கள் வீடு. மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது. பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவருக்கு இரண்டே ஆசைகள். ஒன்று டிகிரி காபி, இன்னொன்று பாட்டு. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ரேடியோ முன்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வளர்ந்த ஞானம். 1939-ல் தொடங்கிய நம்ம திருச்சி வானொலி நிலையம்தான் தனக்குக் குருகுலம் என்பார்.

ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆன அதே 1987-ம் வருஷம் அவர் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் வாங்கினாராம். போனஸ் பணம் முழுசும் அதற்கே போய்விட்டது என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு சி.டி. பிளேயர் வாங்கிக் கொடுத்தார். மாமியார் போன பிறகு அதில் ஒரு பக்க ஸ்பீக்கரில் பாட்டு வராமல் போயிற்று. ரிப்பேருக்கு எடுத்துப் போகலாம் என்றால், "போறது விடும்மா" என்று விட்டார். அதன்மேல் நான் ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

போன தீபாவளிக்குப் புது டி.வி. வந்தது. சுவரில் காலண்டர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் ரகம். படம் கண்ணைப் பறிக்கிறது. சத்தமோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பெட்டி அத்தனை மெல்லிசாக இருந்தால் ஸ்பீக்கருக்கு இடம் ஏது? அடிப்பக்கம் சின்னதாக இரண்டை வைத்திருக்கிறார்கள். அது பேசுவது நமக்கு இல்லை, தரைக்கு.

மாமனார் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவார். முப்பது, நாற்பது, ஐம்பது... வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டுச் செய்தி கேட்கும். என் பெண் பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள். ஒரு நாள் சாயங்காலம், அடுப்பில் பால் பொங்கி வழிந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, நான் ஹாலுக்கு வந்து கத்திவிட்டேன்.

"மாமா, இந்த வீட்டுல நீங்க மட்டும் இல்லை. குழந்தை படிக்கணும். இவ்வளவு சத்தம் எதுக்கு?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அன்றிலிருந்து பத்து நாள் அவர் டி.வி. பக்கம் வரவேயில்லை. ரேழியில் ஈஸிசேரில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அந்தப் பத்தாவது நாள்தான் துணியால் மூடிக் கிடந்த ஸ்டீரியோ என் கண்ணில் பட்டது. டி.வி. சத்தத்தை அந்தப் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பினால் என்ன? அதில் பேச்சு தெளிவாக இருக்குமே, இத்தனை கூட்ட வேண்டாமே!

ஆம்ப்ளிஃபையரின் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக ஓட்டைகள். டி.வி.யின் முதுகிலும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள். இரண்டையும் வயரால் இணைத்தேன். சத்தமே இல்லை. அப்புறம்தான் என் பெண் எழுத்துக் கூட்டிப் படித்தாள். டி.வி.யில் இருப்பது சத்தம் உள்ளே போகிற வழி, வெளியே வருகிற வழி இல்லை.

விடவில்லை நான். கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸில் சிவப்பு வெள்ளை வெளியே வருகிறது. அதிலிருந்து இழுத்தேன். சத்தம் வந்தது. கூடவே "உம்ம்ம்ம்" என்று ஓர் இரைச்சலும் வந்தது, காவேரிப் பாலத்தில் லாரி போகிற மாதிரி. அதோடு, என் பெண் டி.வி.யில் நேரடியாக யூடியூப் போட்டால் ஸ்டீரியோ ஊமை. செட்டாப் பாக்ஸ் வழியாக வராத எதுவும் அதற்குக் கேட்காதே!

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சத்திரத்தில் இறங்கி, மெயின்கார்டு கேட் பக்கம் போனேன். முதலில் போன கடையில், "பழைய ஆம்ப்ளிஃபையரை எடைக்குப் போட்டுட்டு சவுண்ட்பார் வாங்குங்கம்மா, பதினஞ்சாயிரம்தான்" என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். சந்துக்குள் பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவர் சொன்னதையும், பிறகு என் பெண் படித்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பழைய சிவப்பு வெள்ளை வயரில் போவது சத்தத்தின் வடிவமேதான். அது மேலும் கீழும் நெளிகிற கரண்ட். வழியில் வேறு கரண்டின் இரைச்சல் கலந்தால் அதுவும் சேர்ந்து கேட்கும். எங்கள் வீட்டு "உம்" அப்படி வந்ததுதான். தெருவிலிருந்து வருகிற கேபிளுக்கு ஒரு எர்த், வீட்டுக்கு ஒரு எர்த். இரண்டும் வயர் மூலம் கைகோத்துக்கொண்டால் இந்த முனகல் வந்துவிடும்.

டிஜிட்டல் என்பது வேறு. அதைப் புள்ளிக் கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தின் நெளிவை அப்படியே அனுப்பாமல், புள்ளி புள்ளியாக அளந்து, அந்தக் கணக்கை மட்டும் அனுப்புகிறார்கள். 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் ஒரு விநாடிக்கு 44,100 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்து வைக்கிறார்கள். மனிதக் காதுக்கு எட்டுகிற மிகக் கீச்சென்ற ஒலி விநாடிக்கு சுமார் 20,000 அதிர்வு. அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாகப் புள்ளி இருந்தால் கோலம் பிசகாது என்பது கணக்கு. கடைசியில் புள்ளிகளைச் சேர்த்து இழை இழுக்க ஒரு கை வேண்டும் இல்லையா? அந்தக் கைதான் 'டாக்' என்கிற சின்னப் பெட்டி. எங்கள் ஆம்ப்ளிஃபையருக்குப் புள்ளி தெரியாது, இழுத்த கோலம்தான் தெரியும். ஆகவே நடுவில் இந்தப் பெட்டி அவசியம்.

புள்ளிக் கணக்கைக் கொண்டுபோக நாலைந்து வழிகள் உண்டு.

முதலாவது கோஆக்ஸியல். செம்பு வயர். கணக்கு கரண்டாகப் போகிறது. பிளக் பார்ப்பதற்குப் பழைய சிவப்பு வெள்ளை மாதிரியே இருக்கும். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறை.

இரண்டாவது ஆப்டிகல். 1983-ல் தோஷிபா கொண்டுவந்தது. இதில் கரண்டே கிடையாது. பிளாஸ்டிக் இழைக்குள் சிவப்பு வெளிச்சம் மினுக்கி மினுக்கிக் கணக்கைச் சொல்கிறது. கோஆக்ஸியலில் போகிற அதே கணக்குதான், வாகனம் மட்டும் வேறு. கரண்ட் தொடர்பு இல்லாததால் அந்த "உம்" இந்த வழியாக வர முடியாது.

மூன்றாவது எச்.டி.எம்.ஐ. டி.வி.யில் ஓர் ஓட்டைக்கு மட்டும் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும். 2009-ல் வந்த வசதி. படம் வருகிற வயரிலேயே சத்தம் திரும்பிப் போகும். டி.வி. ரிமோட்டிலேயே கூட்டிக் குறைக்கலாம். 2017-ல் வந்த 'ஈ.ஆர்க்' இன்னும் அகலமான பாதை. வீட்டில் ஐந்தாறு ஸ்பீக்கர் வைத்து சினிமா பார்ப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் சத்தம் வாங்குகிற கருவியிலும் அந்த வசதி இருந்தாக வேண்டும். 1987 மாடலுக்கு எங்கே போவது?

நான்காவது புளூடூத். வயரே வேண்டாம். ஆனால் சத்தத்தைச் சுருக்கி அனுப்புவதால் கொஞ்சம் தாமதமாகும். செய்தி வாசிக்கிறவர் வாய் மூடிய பிறகு வார்த்தை வரும். பாட்டு மட்டும் கேட்கப் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு யு.எஸ்.பி. என்று இன்னொரு வழியும் உண்டு.

"எதும்மா உசத்தின்னு கேட்டா நான் சொல்ல மாட்டேன். உங்க வீட்டுல ரெண்டு பக்கமும் எந்த ஓட்டை இருக்கோ, அதுதான் உசத்தி" என்றார் பெரியவர். எங்கள் டி.வி.யில் ஆப்டிகல் இருந்தது. எழுநூறு ரூபாய்க்கு அந்தப் பெட்டியும், ஒரு வயரும் வாங்கினேன். பெட்டியில் ஆப்டிகல், கோஆக்ஸியல் இரண்டுக்கும் இடம் இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு யோசனை. எங்கள் சி.டி. பிளேயரின் பின்னாலும் இந்த இரண்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வழியாக எடுத்தால் பாழான ஒரு பக்கமும் பாடுமா என்று கேட்டேன். "பாடலாம்மா, உள்ளே கோலம் போடுற கைதான் முடங்கியிருக்கும், புள்ளி சரியா இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் கரகர என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டி.வி. அமைப்பில் டிஜிட்டல் ஆடியோ என்கிற இடத்தில் 'ஆட்டோ' என்று இருந்ததை 'பி.சி.எம்.' என்று என் பெண் மாற்றினாள். அவ்வளவுதான், ஹால் நிறையக் குரல்!

இதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில குறிப்புகள்:

1. ஆப்டிகல் வயரின் இரு முனையிலும் சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் மாட்டி விழிக்காதீர்கள். பிளக் ஒரே பக்கமாகத்தான் நுழையும். அழுத்தித் திணிக்கக் கூடாது.

2. ஆப்டிகல் வயரை ஒடித்து மடிக்காதீர்கள். உள்ளே இழை முறிந்தால் வெளிச்சம் போகாது. ஐந்து மீட்டருக்குள் இருப்பது நல்லது.

3. கோஆக்ஸியலுக்குத் தனி வயர் இல்லையென்றால், பழைய வி.சி.டி. பிளேயரோடு வந்த மஞ்சள் முனை வீடியோ வயர் போதும். ஆனால் டிஜிட்டல் ஓட்டையிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு வெள்ளையில் செருகிவிடாதீர்கள். பலத்த இரைச்சல் வந்து ஸ்பீக்கர் கெட்டுவிடலாம்.

4. பல டி.வி.க்களில் ஆப்டிகல் வழியாகப் போகிற சத்தத்தை ரிமோட் கூட்டாது, குறைக்காது. ஆம்ப்ளிஃபையரின் திருகில்தான் வைக்க வேண்டும். டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்.

5. பூச்சு வேலை செய்த விலை உயர்ந்த வயர் என்று ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். சுமார் வயரானாலும் முறிவில்லாமல் இருந்தால் கணக்கு சரியாகவே போய்ச் சேரும்.

நாலாவது குறிப்பில் சொன்ன குறைதான் எங்கள் வீட்டில் வரமாயிற்று. ரிமோட்டைத் தேடித் தடவுகிற மாமனாருக்கு, அந்தப் பழைய பெரிய திருகு கைக்குப் பழக்கம். நான் கூப்பிட்டதும் ரேழியிலிருந்து வந்தார். ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். திருகைத் தொட்டு, கொஞ்சம் திருப்பி, "1987-ல பார்த்த ஞாபகம் வரது" என்றார். பத்து நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

அன்று ராத்திரி சாப்பாடானதும் சி.டி. பிளேயரையும் இணைத்தோம். இரண்டு பக்கமும் பாடியது. அவருக்குப் பிடித்தமான ஒரு பழைய கச்சேரி. என் பெண்ணுக்குக் குறும்பு. "தாத்தா, ஆப்டிகலா கோஆக்ஸியலா, எது நல்லா இருக்குன்னு கண்ணை மூடிண்டு சொல்லுங்கோ" என்று இரண்டு வயரையும் மாட்டி, பெட்டியின் ஸ்விட்சை மாற்றி மாற்றித் தள்ளினாள். நானும் என் கணவரும்கூடக் கண்ணை மூடிக்கொண்டோம். ஆறு தடவை மாற்றினாள். யாருக்குமே வித்தியாசம் தெரியவில்லை. ஒரே புள்ளி, ஒரே கை. கோலம் எப்படி மாறும்?

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. பாரேன், கஞ்சிராவில அந்தச் சில்லு குலுங்கறதுகூட ரெண்டுலயும் அப்படியே கேக்கறது" என்றாள் என் பெண்.

மாமனார் கண்ணைத் திறந்தார். "கஞ்சிராவா? எங்கே?"

"இதோ தாத்தா, இப்ப வாசிக்கறாரே."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஸ்பீக்கர் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டார். எங்களுக்கெல்லாம் சில் சில் என்று கணீரென விழுகிறது. "தட்டறது தெரியறது. சில்லு கேக்கலையே" என்றார் மெதுவாக.

எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அந்தக் கஞ்சிராவுக்காகவே அந்த சி.டி.யை வாங்கி வரச் சொன்னவர் அவர். மாமியார் இருந்த நாளில், அந்த இடம் வரும்போது "வரது பார், வரது பார்" என்று விரலை உயர்த்துவார். அந்தச் சத்தம் எப்போது அவரை விட்டுப் போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டி.வி.யை அலற விட்டது பிடிவாதமில்லை. காது. அதை நான் ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை? என் அப்பாவாக இருந்தால் யோசித்திருப்பேனோ?

மறுவாரம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சின்னச் சின்ன ஒலிகளைக் கேட்க வைத்து, படம் போட்டுத் தந்தார்கள். கனமான ஒலியின் பக்கம் கோடு ஓரளவு நேராகப் போகிறது. கீச்சொலியின் பக்கம் வந்ததும் சரிவாக இறங்குகிறது. வயதானால் உள்காதின் நுண்ணிய மயிர்ச் செல்கள் கெடும், முதலில் போவது கீச்சொலிதான், போனால் மறுபடி முளைக்காது என்றார் டாக்டர். பேச்சில் 'ச', 'த', 'ப' போன்ற மெய்யொலிகளின் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறதாம். அது போனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது புரியாது. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், தெளிவு கூடாது. காது நன்றாக இருப்பவர்களுக்கும் அந்தச் சத்தம் கெடுதல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம். 90 டெசிபலுக்குப் போனால் பெரியவர்களுக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு தூங்குகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காது மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாமனார் முதலில் மாட்டேன் என்றார். "கிழவன் ஆயிட்டேன்னு தண்டோரா போடணுமா?" பேத்திதான் வழிக்குக் கொண்டுவந்தாள். "தாத்தா, அதுவும் ஒரு டாக் பெட்டிதான். உங்க ஆம்ப்ளிஃபையருக்கு ஒண்ணு வாங்கினோம், உங்களுக்கு ஒண்ணு வேண்டாமா?"

வீட்டுக்கு வந்த அன்று இரவு நான் அவருக்குப் பால் கொண்டுபோய் வைத்தேன். "மாமா, அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றேன். "எனக்கே தெரியலையேம்மா, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மார்கழி பிறந்தது. கருக்கலில் நான் வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஸ்டீரியோ பாடிக்கொண்டிருந்தது. தெருவுக்குக் கேட்காத அளவு சன்னமாக. நான் காபியோடு உள்ளே போனபோது, அவர் காதில் மிஷினோடு, அதே கச்சேரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேக்கறதா மாமா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார். "முன்ன மாதிரி இல்லைம்மா. தகரத்தைக் குலுக்கற மாதிரி இருக்கு. ஆனா இருக்கு."

சொல்லிக்கொண்டே ஒரு விரலை மெல்ல உயர்த்தினார்.

உங்கள் வீட்டில் யாராவது டி.வி.யை அலற விட்டால், கத்துவதற்கு முன்னால், அவரைக் காது டாக்டரிடம் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள், சகோதரிகளே. வயரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.